நாற்பத்தோராவது ஜோடி

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ‘கண்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் நாற்பது ஜோடிக் கண்கள் இருந்தன. ஆண்களுக்குப் பதினெட்டு, பெண்களுக்கு இருபத்திரண்டு. ஃபிளக்ஸ் கடை நடத்துகிறவனுக்கு எதற்குக் கண் என்று கேட்பீர்கள். இறந்தவரின் நல்ல படம் ஒன்றும் கிடைக்காமல், நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த கடைசிப் படத்தைக் கொண்டுவந்து ‘கண்ணீர் அஞ்சலி’ போடச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மூடிய கண்ணோடு நடுரோட்டில் ஃபிளக்ஸ் வைக்க முடியாது. ஆகவே நாங்கள் கண்ணைத் திறந்துவிடுவோம். சோப்பு விளம்பரத்தில் சிரித்த யாரோ ஒரு பெண்ணின் கண், காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் மாலைக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு ஒருநாளும் உறுத்தல் இருந்ததில்லை. வின்சி வரும்வரை இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அதுவும் உண்மையில்லை; அவள் வந்த பிறகும் வெகுநாள் இருக்கவில்லை.

வின்சி, ஞானசேகர் சாரின் மூத்த மகள். சார் கணக்கு வாத்தியார். எனக்கும் பாடம் எடுத்தவர். எனக்குக் கணக்கு வரவில்லை என்பது அவர் குற்றமில்லை. அவள் விஸ்காம் படித்து முடித்ததும், வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று சார்தான் செஞ்சையில் இருக்கும் என் கடைக்கு அழைத்துவந்தார். வரும்போதே அப்பனும் மகளும் ஒரு ஒப்பந்தத்தோடு வந்திருந்தார்கள். அடுத்த ஜூன் மாதம் பி.எட். விண்ணப்பம் முடிவதற்குள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு டிசைன் கம்பெனியில் வேலை வாங்கிவிட்டால் அவள் போகலாம். இல்லையென்றால் பி.எட். சேர்ந்து டீச்சராக வேண்டும். சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன் என்று வின்சி ஒருநாள் சொன்னாள்.

முதல் வாரமே என் கடையில் இருந்த மேகங்களையெல்லாம் அழித்தாள். அஞ்சலி ஃபிளக்ஸ் என்றால் பின்னால் நீல வானம், வெள்ளை மேகம், இரண்டு புறா, ஓரத்தில் ரோஜா. இருபது வருஷமாக அதுதான் நடைமுறை. செத்தவுக என்ன ஏரோப்ளேன்லயா போறாக என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் போட்ட படங்களில், வெறும் சாம்பல் நிறத்துக்கு நடுவே முகம் மட்டும் நின்றபோது, பார்ட்டிகள் கிட்டே வந்து பார்த்தார்கள். புறா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அவள் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு போர்ட்ஃபோலியோ செய்துகொண்டிருப்பாள். தான் செய்த வேலைகளையெல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் அடுக்கி வைப்பதாம் அது. கம்பெனிக்காரர்கள் சர்டிபிகேட் கேட்பதில்லை, அந்த லிங்க்கைத்தான் கேட்கிறார்கள் என்றாள். நான்கு மாதம் உட்கார்ந்து மூன்று வேலைகளை ஏற்றியிருந்தாள். ஒரு காபிக் கடைக்கு லோகோ. வீட்டுச் சாப்பாடு வரவழைக்க ஒரு ஆப். செட்டிநாட்டு பங்களா ஹோட்டல் ஒன்றுக்கு ஆத்தங்குடித் தரைக்கல் டிசைனில் பை, டம்ளர், சோப்பு உறை. இந்தக் காபிக் கடை எங்குட்டு இருக்கு என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, கற்பனை என்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கிண்டல் செய்தேன். பதிலுக்கு அவள் என் கடை போர்டில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளை வரிசையாகச் சொன்னாள்.

இருபத்தாறு கம்பெனிகளுக்கு அனுப்பினாள். மூன்று பேர் வருந்துகிறோம் என்று எழுதினார்கள். மற்றவர்கள் வருந்தவும் இல்லை. தை மாதம் முடிகிறபோது அவள் முகத்தில் அந்தப் பழைய திமிர் பாதிதான் இருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தால், என்னப்பா சொல்றா என்று மட்டும் கேட்பார்.

மாசி மாதம் ஈஸ்வரி வந்தாள். எங்கள் தெருமுனையில் இருக்கும் பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற பெண். வின்சியைவிட இரண்டு வயது சின்னவள். கொத்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் அம்மா கருப்பம்மாள் அங்கே பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கி வந்தவள். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு ஃபிளக்ஸும், வீட்டில் மாட்ட ஒரு படமும் வேண்டும் என்றாள்.

போனில் அவள் காட்டிய படம் ஒன்றே ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய். இந்தக் காலத்தில் வேறு படமே இல்லையா என்று கேட்டேன். போனைத் தூக்கினாலே அம்மா அடுப்படிக்குள்ள போயிரும் என்றாள். இருந்த குடும்பப் படங்களில் எல்லாம் அம்மாவின் தோளோ, பாதித் தலையோதான் இருந்தது. ஆதார் கார்டில் இருந்ததோ கருப்பு மை அப்பிய ஒரு சதுரம்.

நான் வழக்கம்போல ‘கண்’ ஃபோல்டரைத் திறந்தேன். வின்சி என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். யாரோ ஒருத்தி கண்ணை வைக்க வேண்டாம் என்றாள். பிறகு ஈஸ்வரியிடம், உனக்கு அம்மா கண்ணா, அப்பா கண்ணா என்று கேட்டாள்.

“எங்கம்மா கண்ண அப்பிடியே பேத்து வச்சிருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாகக்கா.”

அவளைக் கடை வாசலில், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் நிறுத்தி, முகத்தை நெருக்கிப் படம் எடுத்தாள். அழுது அழுது சிவந்திருந்த கண். அந்தச் சிவப்பை எடுத்து, இமையைக் கொஞ்சம் தளர்த்தி, ஓரத்தில் முப்பது வருஷத்துச் சுருக்கத்தைச் சேர்த்து, அன்று மத்தியானம் சாப்பிடாமல் அந்த அம்மாவுக்குக் கண் திறந்தாள் வின்சி. துணியை எடுத்தாள். ரூபாயை எடுத்து அங்கே ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். சாயங்காலம் ஈஸ்வரி வந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் தொழிலில் அவ்வளவு நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. பொறாமையாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அப்போதே ஈஸ்வரி தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். பழைய போனில் அம்மாவின் படம் ஒன்று கிடந்தது, அதையே போடச் சொல்லியிருக்கிறேன் என்றாள். வின்சி காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. பாவம், மனுசனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாள் என நினைத்தேன். அத்தோடு அதை மறந்தும் போனேன். அவர்கள் இருவரும் போன பிறகு, அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை கடைசியில் சென்னையிலிருந்து வின்சிக்கு ஒரு போன் வந்தது. ஒரு டிசைன் கம்பெனியை நடத்துகிற தேனம்மை என்ற அம்மா. பூர்வீகம் இந்தப் பக்கம்தானாம், அதனால்தான் கூப்பிட்டாராம். காபிக் கடையும் ஆத்தங்குடிக் கல்லும் வாரத்துக்கு ஐம்பது பேர் அனுப்புகிறார்கள். நிஜமான ஆளுக்கு நிஜமாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் காட்டு, அது முன்னே எப்படி இருந்தது, நீ என்ன செய்தாய், பின்னே எப்படி ஆனது என்று வரிசையாகக் காட்டு என்று சொல்லியிருக்கிறார்.

நான் மெஷினில் புது ரோல் மாட்டிக்கொண்டிருந்தேன். வின்சி வந்து, நம்ம கடையில் செய்த வேலையை இணையத்தில் போடலாமா என்று கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

“போடு, போடு. மூணு நாளா நடுரோட்டுல நின்னதுதானே, அதுல என்ன ரகசியம்?”

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ரோட்டில் நின்றது ‘பின்னே’ மட்டும்தான். ‘முன்னே’ யார் வீட்டுச் சொத்து என்று நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அவள் யோசிக்கிற பெண்.

கருப்பம்மாள் என்ற பெயரை மறைத்துவிட்டு, எட்டுப் படங்களாக அடுக்கியிருந்தாள். துணி கட்டிய முகம், நெற்றி ரூபாய், வாசலில் நிற்கும் ஈஸ்வரியின் கண், அது கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் முகத்தில் ஏறுவது, கடைசியில் கொத்தமங்கலம் விலக்கு ரோட்டில் நிற்கிற ஃபிளக்ஸ். கீழே நாலு வரி. மகளின் கண்ணால் தாய் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாள். நானே அதை இரண்டு முறை படித்தேன்.

இரண்டாம் நாளே தேனம்மை கூப்பிட்டுவிட்டார். அடுத்த புதன்கிழமை நேரில் வா, இந்த ஒரு வேலைக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்றாராம். வின்சி கடைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். பி.எட். விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சார் அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் அவள் லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். கூடப் படித்தவர்களில் கொத்தமங்கலத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. எங்க ஊர் ஆளு என்று ஊர் குரூப்பில் போட்டான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஈஸ்வரி வந்தாள். ஜவுளிக் கடை யூனிபார்ம் சேலையிலேயே வந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் போனைக் காட்டிவிட்டார் என்றாள். அப்பா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் சுவரில் இருந்த படத்தை இறக்கிவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம்.

“அத எடுத்துருங்கக்கா. எங்கம்மா அப்பிடி இருந்தத நாலு பேரு பாத்ததே போதும்.”

நான் குறுக்கே புகுந்தேன். புதன்கிழமை வரைக்கும் மட்டும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைக்கலாம், சென்னைக்காரர்கள் மட்டும் பார்க்கட்டும் என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசியதாக நினைப்பு வேறு. வின்சி என்னையும் பார்த்தாள், ஈஸ்வரியையும் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள் என்பதை மறைக்க மாட்டேன். அவள் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. பிறகு எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். மன்னிச்சுரு ஈஸ்வரி என்றாள். சரிக்கா என்று அவள் சொன்னாள், ஆனால் சரியாகிவிடவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஈஸ்வரியின் அப்பா முத்துராமன் வந்தார். வயல்காட்டு ஆள். துண்டில் சுற்றிய படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வின்சியைத்தான் பார்த்தார்.

“நீதான் செஞ்ச புள்ளையா தாயி? தப்பா ஒண்ணும் சொல்ல வரல. நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா உசுரோட இருக்குற புள்ள கண்ணுக்கு நான் மூணு மாசமா வெளக்கேத்தியிருக்கேன். மால போட்டிருக்கேன். அதத்தான் தாங்க முடியல.”

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட எங்கள் ஊரில் யாராவது துணிவார்களா? சும்மா ஒரு படத்தின் பக்கத்தில் பூ விழுந்தாலே பெண்கள் பதறிப்போய் எடுத்துவிடுவார்கள். இந்த மனிதர் தினமும் காலையில் வயலுக்குப் போகுமுன் தன் மகளின் கண்ணுக்கு முன்னால் விளக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். இருபது வருஷமாகக் கண் திறக்கிற எனக்கு அது தோன்றியதே இல்லை. சோப்பு விளம்பரத்துப் பெண்ணும் எங்கோ உயிரோடுதான் இருக்கிறாள் என்பதுகூட அன்றைக்குத்தான் உறைத்தது.

சட்டைப் பையிலிருந்து அவர் கருப்பம்மாளின் ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தார். இதைப் பெரிதாக்கிக் கொடு, இதில் இருப்பது அவள் கண் என்றார்.

வின்சி ஸ்கேன் செய்தாள். திரையில் அது பெரிதாகப் பெரிதாகப் புள்ளி புள்ளியாக உடைந்தது. முகம் கருத்து, மூக்கு ஒரு கோடாகி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மங்கல் மட்டும் நின்றன. பழக்கத்தில் அவள் கை அந்தப் புள்ளிகளைத் துடைக்கப் போனது.

“ஒண்ணும் செய்யாத தாயி. அப்பிடியே குடு.”

அப்படியே எடுத்துக் கொடுத்தாள். காலேஜில் காட்டியிருந்தால் வெளியே போ என்று சொல்லியிருப்பார்கள், அப்படி ஒரு பிரிண்ட். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். அவதான் என்றார். பழைய படத்தை வீட்டில் வைக்கவும் முடியவில்லை, ஆற்றில் விடவும் மனசு வரவில்லை, நீங்களே என்னவாவது செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போனார். வின்சி அதைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனாள். போகாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். புதன்கிழமை அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். தேனம்மை மற்ற இருவரிடமும், இந்தப் பெண்ணின் ஒரு வேலையைப் பார்க்கணும் நீங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கே காணோம் என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தார் விரும்பவில்லை, எடுத்துவிட்டேன் என்றாளாம். பெயரை மறைத்துவிட்டுக் காட்டலாமே என்று ஒருவர் சொல்ல, பெயரை மறைத்துத்தான் போட்டிருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். பிறகு காபிக் கடையைப் பார்த்தார்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தார்கள். டீ கொடுத்தார்கள். தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

தகவல் பத்து நாள் கழித்து வந்தது. அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டோம், அடுத்த வருஷம் முயற்சி செய் என்று தேனம்மை எழுதியிருந்தார். வின்சி படித்துவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே சார் பி.எட். விண்ணப்பத்தோடு வந்தார். கடை வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.

ஆடி பிறந்து வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், தன் ஃபைல்களை எடுத்துக்கொள்ள வந்தாள். பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் கிடந்த குப்பைகளையும் ஒழுங்குபடுத்தினாள். நான் பின்னால் ஃபிளக்ஸுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மவுஸ் சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ‘கண்’ ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சரவணண்ணே, இதுல நாப்பத்தொண்ணு இருக்கு.”

மாசி மாதம் அவர்கள் போன பிறகு நான்தான் அந்தக் கண்ணை வெட்டி எடுத்து அதில் சேர்த்தேன். அவ்வளவு நல்ல கண்ணை ஒரே ஆளோடு விட மனசு வரவில்லை. தொழில்காரன் புத்தி.

“எத்தன பேருக்குப் போட்டீக?”

“யாருக்கும் போடலம்மா. சும்மா கெடக்குது.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்பத்தொன்றையும் மொத்தமாக அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். வாரேண்ணே என்று சொல்லி, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேருக்குப் போட்டிருந்தேன். கழனிவாசலில் ஒரு வீடு, கோட்டையூரில் ஒரு வீடு, செக்காலையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிற ஒரு வீடு. மூன்று சுவரிலும் மாலைக்கு நடுவே இருந்து ஈஸ்வரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போய்ச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொல்லிவிட்டு அவர்களுக்கு எந்தக் கண்ணைக் கொடுப்பது என்று தெரியவில்லை. காலை ஒன்பதே காலுக்கு அவள் என் கடையைத் தாண்டித்தான் ஜவுளிக் கடைக்குப் போகிறாள். அந்த நேரத்துக்கு நான் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.